பின் இருக்கைப் பயணி

ஜூன் 4

அன்புள்ள அண்ணிக்கு,

கையெழுத்தைப் பார்த்து யாரோ என்று நினைத்துவிடாதீர்கள். நான்தான். கோழி கிளறியது போல இருக்கிறது என்று எனக்கே தெரியும்.

போன் பண்ணாமல் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். இங்கே கைக்குப் பயிற்சி கொடுக்கும் அம்மா ஒருவர் இருக்கிறார். சிரித்துக்கொண்டே எலும்பை முறிக்கிற ஜாதி. தினமும் ஒரு பக்கம் வலது கையால் எழுதியே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார். "என்ன எழுதட்டும்?" என்று கேட்டேன். "எதையாவது எழுதுங்க. மளிகை லிஸ்ட் எழுதினாலும் சரி." தனியாக இருக்கிற எனக்கு எத்தனை மளிகை லிஸ்ட் வேண்டியிருக்கும்? மூன்றாம் நாள் அலுத்துவிட்டது. எழுதுவதுதான் எழுதுகிறோம், யாராவது படிக்கட்டுமே என்று உங்களைப் பிடித்துக்கொண்டேன். நீங்களும் கடிதத்தில்தான் பதில் எழுத வேண்டும். போனில் பேசித் தீர்த்துவிட்டால் அப்புறம் எனக்கு எழுத ஒன்றுமிருக்காது. தவிர, போனில் நீங்கள் சரியாகப் பேசுவதும் இல்லை. "சாப்டியா, மாத்திரை போட்டியா, இதோ உங்கண்ணன்கிட்ட குடுக்கறேன்." அவ்வளவுதான்.

கை பரவாயில்லை. விரல்கள் மடங்குகின்றன. ஆனால் உள்ளங்கையை மேல்பக்கமாகத் திருப்ப முடியவில்லை. பாதி வழியில் பூட்டுப் போட்டது போல நின்றுவிடுகிறது. கடையில் மீதிச் சில்லறை வாங்கக் கையை நீட்டினால் கை விரியமாட்டேன் என்கிறது. கடைக்காரர் நான் வேண்டாம் என்கிறேன் என்று நினைத்து டப்பாவில் போடப் போனார்.

இன்னொரு ஆபரேஷன் செய்தால் திரும்பும் என்கிறார் டாக்டர். செய்யாவிட்டால் இப்படியேதான். மெழுகில் பல் செதுக்குகிற வேலை அண்ணி, மணிக்கட்டு திரும்பாமல் எப்படிச் செய்வது? லேப்பில் என் ஸ்டூலை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறார்கள். ஆகஸ்ட் கடைசிவரைதான் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். பாவம், அவர்களுக்கும் வேலை குவிந்து கிடக்கிறது. ஊரில் எத்தனை பேருக்குப் பல் இல்லையோ.

ஆபரேஷனுக்கு உங்கள் வண்டியின் இன்ஷூரன்ஸில் பின் இருக்கைப் பயணிக்கான பிரிவு இருக்கிறதாம். விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன். குறுக்கே நாய் வந்து வண்டி சறுக்கியது என்று அண்ணன் எழுதித் தந்த விவரத்தையே எழுதினேன். எனக்குத்தான் ஒன்றும் நினைவில்லையே. உங்கள் வீட்டு கேட்டைச் சாத்தினது ஞாபகம் இருக்கிறது. அடுத்தது ஆஸ்பத்திரிக் கூரையில் சுற்றிய மின்விசிறி. நடுவில் ஒரு சீட்டைக் கிழித்தெடுத்த மாதிரி வெறுமை.

அன்றைக்கு ஹெல்மெட்டை என் தலையில் மாட்டி வாரை நீங்களே இழுத்துப் பூட்டினீர்களாம், அண்ணன் சொன்னார். அது இல்லாவிட்டால் இந்தக் கோழிக் கிறுக்கலும் இல்லை. அதற்காகவாவது உங்களுக்குத் தினம் ஒரு நன்றி எழுத வேண்டும்.

உங்கள்
சின்னு

(பயிற்சி அம்மா எட்டிப் பார்த்து, "நாத்தனாருக்கா? இவ்வளவு பெரிய லெட்டரா?" என்றார். "இல்லை, நான்தான் நாத்தனார்" என்றேன்.)


ஜூன் 12

அன்புள்ள சின்னு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எழுத்து கோணலாக இருந்தாலும் வாய் பழையபடிதான் இருக்கிறது. நிம்மதி.

இங்கே எல்லோரும் நலம். உன் அண்ணன் அச்சகத்துக்குப் போகிறார், வருகிறார், விரலெல்லாம் மையோடு கதவைத் தொடுகிறார், நான் திட்டுகிறேன். எனக்கு முழங்கால் சிராய்ப்பு காய்ந்து தழும்பாகிவிட்டது. உனக்கு அப்படி, எனக்கு இப்படி. அதை நினைத்தால் சாப்பாடு இறங்குவதில்லை.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் இந்த மாதம் ஒன்பது பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள். ஒரு ஐம்பத்தாறு வயது அம்மா, நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், வண்டியைப் பார்த்ததும் "இதுக்கு ஊசி போடணுமா?" என்கிறார். நான் மைதானத்தில் நின்றபடியே சொல்லிக்கொடுக்கிறேன். நான் ஏறி ஓட்டிக் காட்டுவதில்லை. ஓனரம்மா கேட்டதற்கு முழங்கால் வலி என்று சொல்லிவிட்டேன்.

இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்துவிட்டுப் போனார். வயதானவர், மூக்குக்கண்ணாடிக்குக் கயிறு கட்டியிருக்கிறார். டேப் வைத்துச் சாலையை அளந்தார். நாம் விழுந்த பஞ்சர் கடை வளைவில் வண்டி தேய்ந்த கோடு அப்போதும் இருந்தது. நாய் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று கேட்டார். சொன்னேன். என்ன நிறம் என்று கேட்டார். கறுப்பு என்றேன். எழுதிக்கொண்டார். குறுக்கே நாய் ஓடினால் எவ்வளவு தேர்ந்த கையாக இருந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது என்று உன் அண்ணன் அவரிடம் கால் மணி நேரம் விளக்கினார். அவர் தலையாட்டிக்கொண்டே தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்.

நன்றியெல்லாம் எழுதாதே சின்னு. அதை விட்டுவிட்டு வேறு எது வேண்டுமானாலும் எழுது.

அன்புடன்
அண்ணி


ஜூன் 24

அன்புள்ள அண்ணிக்கு,

இன்ஷூரன்ஸிலிருந்து பதில் வந்துவிட்டது. அப்படியே எடுத்து எழுதுகிறேன், எனக்கும் ஒரு பக்கம் ஆகிவிடும்:

"மேற்படி விபத்து சாலையில் திடீரெனக் குறுக்கிட்ட விலங்கினால் நேர்ந்ததாலும், வாகனத்தை ஓட்டியவரின் கவனக்குறைவு ஏதும் இல்லை என்று விசாரணையில் தெரியவருவதாலும், பின் இருக்கைப் பயணிக்கு இழப்பீடு வழங்கும் பொறுப்பு நிறுவனத்தைச் சாராது என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

மூன்று முறை படித்த பிறகுதான் புரிந்தது. கவுன்டரில் போய்க் கேட்டேன். அங்கிருந்த பெண் ரொம்பப் பொறுமையாகச் சொன்னாள். "ஓட்டினவங்க தப்பு பண்ணியிருந்தா அவங்க சார்பா நாங்க உங்களுக்குக் குடுப்போம் மேடம். அவங்க மேல தப்பே இல்லையே, நாங்க யார் சார்பா குடுக்கறது?" "அப்ப நாய் சார்பா யார் குடுப்பாங்க?" என்று கேட்டேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள்.

ஆக, உங்கள் மேல் துளித் தப்பும் இல்லையென்று முத்திரை குத்தி எழுத்திலேயே கொடுத்துவிட்டார்கள். கண்ணாடி போட்டுப் பள்ளியில் மாட்டிக்கொள்ளுங்கள். கிண்டலுக்குச் சொல்லவில்லை அண்ணி, மனசார. நீங்கள் உள்ளுக்குள் ஏதோ போட்டு உழப்பிக்கொண்டிருக்கிறீர்கள் என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. இனி அது வேண்டாம்.

அண்ணனிடம் இதைப் பெரிதாகச் சொல்லாதீர்கள். அலைய ஆரம்பித்துவிடுவார். நான் லேப்பில் பேசிப் பார்த்தேன். செதுக்குகிற வேலை முடியாவிட்டால் பார்சல் கட்டுகிற பிரிவில் எடுத்துக்கொள்வார்கள். பதினாறு வருஷம் செதுக்கிவிட்டு டப்பாவில் பஞ்சு வைத்து மூடுவது கொஞ்சம் ஒரு மாதிரியாகத்தான் இருக்கும். பழகிவிடும். நேற்று சும்மா உட்கார்ந்து ஒரு கடைவாய்ப் பல் செதுக்கிப் பார்த்தேன். கடலைக்காய் மாதிரி வந்தது.

உங்கள்
சின்னு


ஜூலை 1

அன்புள்ள சின்னு,

கடிதம் கிடைத்தது. பார்சல் பிரிவுக்கெல்லாம் ஒப்புக்கொள்ளாதே. மேல்முறையீடு செய்யலாம் என்கிறார்கள். பார்க்கிறேன்.

இங்கே ஒரு சின்ன விஷயம். பஞ்சர் கடைக்காரர் ஒரு கறுப்பு நாய் வளர்த்தார். கடை வாசலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும். வருகிறவர்களை மேலும் கீழும் பார்க்கும். அதற்கு மேனேஜர் என்று பேர் வைத்திருந்தார்கள். போன வாரம் நகராட்சி வண்டி வந்து அதைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது. விபத்துக்குக் காரணமான நாய் என்று புகார் போயிருக்கிறதாம். போட்டது யாரென்று தெரியவில்லை.

வேலை இருக்கிறது. பிறகு எழுதுகிறேன்.

அண்ணி


ஜூலை 9

அன்புள்ள அண்ணிக்கு,

இவ்வளவு சின்னக் கடிதம் எழுதினால் நான் எத்தனை முறை திருப்பிப் படிப்பது? மேனேஜருக்காக வருத்தப்பட்டேன். ஆனால் இன்றைக்கு எழுத வந்தது வேறு. இதை எழுத மூன்று நாளாகக் காகிதத்தை எடுத்து எடுத்து வைத்தேன்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் போனேன். ஜன்னலோரம் இடம். முன்னால் ஒரு தண்ணீர் லாரி போய்க்கொண்டிருந்தது. பின்பக்கக் குழாயிலிருந்து சொட்டிச் சொட்டி ரோட்டில் ஒரு ஈரக்கோடு நீண்டுகொண்டே வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

அன்றைக்கும் நமக்கு முன்னால் ஒரு தண்ணீர் லாரி போனது. நான் பெட்டி அடுக்கி அடுக்கிக் கிளம்பவே தாமதம். ரயிலுக்குப் பதினைந்து நிமிஷம்தான். நீங்கள் லாரிக்குப் பின்னால் நிதானமாக வந்தீர்கள். நான்தான் உங்கள் தோளைத் தட்டினேன். "அண்ணி, இந்த லாரியத் தாண்டுங்க, ரயில் போயிடும்" என்றேன். நீங்கள் பேசவில்லை. நான் விடவில்லை. "ஊருக்கெல்லாம் ஓட்டச் சொல்லிக்குடுக்கறவங்க, இப்படி உருட்டுனா எப்படி?" என்று சொல்லிச் சிரித்தேன். சிரித்தது வரைக்கும் நினைவிருக்கிறது. வண்டி சாய்ந்து லாரியின் பக்கம் வந்ததும், வளைவும், பஞ்சர் கடையின் பழைய டயர் அடுக்கும் நினைவிருக்கிறது.

அண்ணி, அங்கே நாய் இல்லை.

லாரிக்கு அப்பால் ரோடு துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. எவ்வளவு யோசித்தாலும் நாய் வரமாட்டேன் என்கிறது.

பிறகுதான் புரிந்தது. என்னைக் காப்பாற்றத்தானே நாயைக் கொண்டுவந்தீர்கள்? நான் அவசரப்படுத்தியதால்தான் விழுந்தோம் என்று அண்ணனுக்குத் தெரியக்கூடாது, எனக்கே தெரியக்கூடாது என்றுதானே? எனக்கு நினைவில்லை என்றதும் அது அப்படியே போகட்டும் என்று விட்டுவிட்டீர்கள். இத்தனை நாள் பழியை ஒரு நாய் மேல் போட்டுவிட்டு நீங்கள் தனியாகச் சுமந்திருக்கிறீர்கள். அதுதான் போனில் என்னோடு பேசமுடியவில்லை உங்களால்.

என் கை என்னால்தான் போனது. இதில் எனக்குக் கோபப்பட ஆளே இல்லை. உங்களுக்கும் ஏதாவது ஆகியிருந்தால் என்ற நினைப்புதான் தாங்கவில்லை. என்னை மன்னித்துவிடுங்கள் அண்ணி. இன்ஷூரன்ஸை மறந்துவிடுவோம். பார்சல் பிரிவில் ஆகஸ்டிலேயே சேர்கிறேன் என்று சொல்லிவிடப் போகிறேன்.

உங்கள்
சின்னு


ஜூலை 16

அன்புள்ள சின்னு,

பார்சல் பிரிவுக்குச் சேர்கிறேன் என்று இன்னும் சொல்லியிருக்க மாட்டாய் என்று நம்பி எழுதுகிறேன். சொல்லியிருந்தால் போய் இல்லையென்று சொல்லிவிட்டு வா. பிறகு உட்கார்ந்து இதைப் படி.

நாய் இல்லை. நீ சொன்னது சரி. ஆனால் உன்னைக் காப்பாற்ற நான் நாயைக் கொண்டுவரவில்லை. என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான்.

நீ தோளைத் தட்டினாய், தாண்டச் சொன்னாய், எல்லாம் உண்மை. காதில் நன்றாக விழுந்தது. முதல் முறை நீ சொன்னபோது வளைவு முடியட்டும் என்று நினைத்துப் பேசாமல் இருந்தேன். இரண்டாவது முறை, உருட்டுறீங்க என்று நீ சிரித்தபோது, எனக்குச் சுருக்கென்று பட்டது. எனக்கா ஓட்டத் தெரியாது என்று ஒரு வீம்பு. ரயிலுக்காக நான் தாண்டவில்லை சின்னு. உனக்குக் காட்டுவதற்காகத் தாண்டினேன். வளைவில், எதிரே தெரியாத இடத்தில். பாதி தாண்டியபோது லாரி சொட்டிய தண்ணீரும் ரோட்டோர மணலும் சேர்ந்து கிடந்தது கண்ணில் பட்டது. முன் பிரேக்கைப் பிடித்தேன். ஈர மணலில் முன் பிரேக் பிடிக்காதே என்று வாரத்துக்கு நான்கு முறை சொல்கிறவள் நான்.

ஒவ்வொரு புது வகுப்பிலும் முதல் நாள் நான் சொல்வது ஒன்று உண்டு: "பின்னாடி உட்கார்ந்திருக்கறவங்க என்ன வேணா சொல்லுவாங்க. ஆக்சிலேட்டர் உங்க கையில. வண்டி எங்க போச்சுன்னு கேட்டா பதில் சொல்ல வேண்டியது நீங்க." இதை உனக்கும் எழுதுகிறேன். நீ கேலி செய்தாய். கேலி செய்வது குற்றமில்லை. விழவைத்தது என் கை.

ஆஸ்பத்திரியில் உன்னை உள்ளே கொண்டுபோன கையோடு போலீஸ்காரர் நோட்டைத் திறந்தார். "எப்படிம்மா விழுந்தீங்க?" உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். என் பயிற்சி அனுமதி போய்விடும், பத்து வருஷம் போய்விடும் என்று ஒரு நொடி தோன்றியது. "நாய் குறுக்க வந்துருச்சு சார்" என்று வந்துவிட்டது. முதலில் சொன்னபோது வெறும் நாய். இரண்டாவது முறை கறுப்பு நாய். மூன்றாவது முறை சர்வேயரிடம் சொன்னபோது அதன் வால்கூட எனக்குத் தெரிந்தது. உனக்கு நினைவில்லை என்று கேட்டபோது எனக்கு வந்தது துக்கமில்லை, ஆறுதல். அதை எழுதுவதற்குத்தான் இவ்வளவு சுற்றி வருகிறேன்.

உன் பணம் மறுக்கப்பட்டது என் பொய்யால் என்று தெரிந்த பிறகும் பத்து நாளுக்கு மேல் பேசாமல் இருந்தேன். மேனேஜரைப் பிடித்துக்கொண்டு போனபோதும் பேசாமல் இருந்தேன். ஆனால் நீ மன்னிப்புக் கேட்டு எழுதிய கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

அன்று மாலையே உன் அண்ணனிடம் சொன்னேன். "நாலு பேர்கிட்ட சத்தியம் பண்ணியிருக்கேனேடி நான்" என்றார். பிறகு ரொட்டியை வெட்டினார். நான்கு பேர் சாப்பிடும் அளவுக்கு வெட்டிக்கொண்டே போனார். கடைசியில், "நாளைக்கு நானும் வர்றேன், இன்ஷூரன்ஸ் ஆபீசுக்கு" என்றார். தனியாகப் போகிறேன் என்றேன்.

சர்வேயர் தன் மேஜையில்தான் இருந்தார். நான் நின்றபடியே சொன்னேன். "நாய் வரலை சார். நான் வளைவுல ஓவர்டேக் பண்ணேன். எழுதிக்குடுத்தது பொய்."

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கயிற்றில் தொங்கவிட்டார். "உட்காருங்க. அந்தத் தேய்மானக் கோடு நாயைப் பார்த்து பிரேக் போட்ட கோடு மாதிரி இல்லைன்னு எனக்கு அன்னைக்கே தோணுச்சு. வளைஞ்சு போயிருந்துச்சு."

"அப்ப ஏன் சார் கேக்கலை?"

"நீங்க சொன்னதை எழுதறதுதான் என் வேலை. வேற சாட்சி இல்லை. பின்னாடி இருந்தவங்களுக்கு ஞாபகம் இல்லை. நான் சந்தேகத்தை எப்படிம்மா ரிப்போர்ட்ல எழுதறது?"

நான் அழுதேன் என்று நினைக்கிறேன். அவர் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார். "ஒண்ணு கேக்கறேன். தப்பே பண்ணாத ஆளுங்க மட்டும்தான் வண்டி ஓட்டுவாங்கன்னா இந்த ஆபீஸ் எதுக்கு? இத்தனை மேஜை எதுக்கு? தப்பு நடக்கும்னு தெரிஞ்சுதானே வருஷா வருஷம் கட்டறீங்க. அந்தத் தப்பு நடந்த அன்னைக்கு அது நான் இல்லைன்னு சொன்னா, கட்டினது யாருக்கும் உதவாமப் போயிடுது."

புதிதாக வாக்குமூலம் எழுதச் சொன்னார். எழுதினேன். வண்டி ரிப்பேருக்கு எனக்கு ஒன்றும் கிடைக்காது, பொய் சொன்னதற்கு எச்சரிக்கைக் கடிதம் வரும், போலீசிலும் திருத்திச் சொல்ல வேண்டும், லைசென்ஸை நிறுத்தி வைப்பார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். "பின் இருக்கைப் பயணி விஷயம்?" என்று கேட்டேன். "அதை இன்னைக்கே மறுபடி தொறக்கறேன். அவங்களுக்கும் உங்க பொய்க்கும் சம்பந்தமில்லை" என்றார். வெளியே வந்து படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துகொண்டேன். எல்லாம் போய்விட்டது, ஆனால் மூச்சு சீராக வந்தது. மூன்று மாதமாகச் சரியாக மூச்சே விடாதது போல அப்போதுதான் தெரிந்தது.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டு, பஞ்சர் கடைக்காரரிடம் போனேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். டியூபைத் தண்ணீரில் அழுத்திக்கொண்டே சொன்னார். "அன்னைக்கு அது கடைக்குள்ள தூங்கிட்டுதான் இருந்துச்சு. எனக்குத் தெரியும். நாய்க்கு சாட்சி சொல்றவனை எவன் நம்புவான்னு விட்டுட்டேன்." இரண்டு பேருமாக நகராட்சிக் கொட்டடிக்குப் போனோம். விபத்துக்கு அது காரணமில்லை என்று நான் எழுதிக் கொடுத்ததும் மேனேஜரை விட்டுவிட்டார்கள். காதில் அடையாளத்துக்கு ஒரு வெட்டு வெட்டியிருந்தார்கள். மற்றபடி குறையில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தது. நானே தலையைக் குனிந்துகொண்டேன்.

இனி உன்னிடம்தான் பாக்கி. மன்னித்துவிடு என்று கேட்பதற்கு எனக்கு முகமில்லை. எழுதத் தோன்றினால் எழுது. தோன்றாவிட்டால் அதுவும் சரிதான்.

அண்ணி


ஆகஸ்ட் 3

அன்புள்ள சின்னு,

பதினெட்டு நாளாகிறது. பதில் கேட்டு இதை எழுதவில்லை. கை எப்படியிருக்கிறது என்று உன் அண்ணனைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். அவரும் "நல்லா இருக்காளாம்" என்று இரண்டு வார்த்தைக்கு மேல் சொல்வதில்லை. நீ சொல்லச் சொன்ன அளவு அதுதானோ என்னவோ.

லைசென்ஸ் நான்கு மாதத்துக்கு நிறுத்தம். அதற்குப் பிறகு மறுபடி தேர்வு எழுதி, எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். ஓனரம்மா என்னை அனுப்பிவிடவில்லை. மைதானத்துக்குப் பதில் வகுப்பறையில் விதிகளை நடத்தச் சொன்னார். "முதல்ல நீங்க செஞ்சதச் சொல்லிட்டு ஆரம்பிங்க" என்றார். சொன்னேன். அந்த ஓய்வு பெற்ற நர்ஸம்மா மட்டும் கடைசியில் கையைத் தூக்கி, "பின்னாடி இருந்தவங்க இப்ப எப்படி இருக்காங்க?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அண்ணி


ஆகஸ்ட் 9

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் நர்ஸம்மாவுக்காக இந்தக் கடிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூலைக் கடிதம் வந்த அன்றே உங்களுக்கு நான்கு பக்கம் எழுதினேன். கிழித்துப் போட்டேன். மறுநாள் ஆறு பக்கம். அதையும் கிழித்தேன். பன்னிரண்டு நாள் இப்படியே போனது. பயிற்சி அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "பிடிப்பு நல்லா வந்திருக்கே, என்ன பண்ணீங்க?" என்றார். கோபப்பட்டேன் என்றேன். தொடர்ந்து செய்யுங்கள் என்றார்.

அந்தப் பக்கங்களில் என்ன இருந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும், அதனால் சுருக்கிச் சொல்கிறேன். நீங்கள் லாரியைத் தாண்டியதற்கு எனக்குக் கோபம் இல்லை. விழுந்தது விழுந்ததுதான். போலீஸ்காரரிடம் பயத்தில் உளறியதற்கும் பெரிதாக இல்லை. நானாக இருந்தால் நாய்க்குப் பதில் யானையைச் சொல்லியிருப்பேன். ஆனால் நான் உங்களுக்கு நன்றி என்று எழுதினேன், வேண்டாம் என்றீர்களே தவிர ஏன் என்று சொல்லவில்லை. கை திரும்பாது, பஞ்சு வைத்து டப்பா மூடப் போகிறேன் என்று எழுதினேன், "வேலை இருக்கிறது, பிறகு எழுதுகிறேன்" என்று முடித்தீர்கள். அது வலித்தது. எலும்பு முறிந்ததைவிட என்று எழுதமாட்டேன், எலும்பு முறிந்தது ரொம்பவே வலித்தது. ஆனால் பக்கத்தில் வரும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எனக்கு நினைவு திரும்பியதிலிருந்து உங்கள் கடிதம் வரும்வரை அந்தப் பத்து நாள், என் கையை நானே உடைத்துக்கொண்டேன், உங்களையும் கொல்லப் பார்த்தேன் என்று நினைத்துக்கொண்டு நடமாடினேன். குளிக்கும்போது, டீ ஆற்றும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது. வெறும் பத்து நாள். நீங்கள் மூன்று மாதம் இருந்திருக்கிறீர்கள். அதை நினைத்த அன்றைக்குத்தான் கிழிப்பதை நிறுத்தினேன். நீங்கள் ஒரே ஒரு வரி எழுதிவிட்டு இன்னும் ஒளிந்துகொண்டிருந்திருக்கலாம். நானே கதவைத் திறந்து வைத்திருந்தேன், என் தப்பு என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருந்தேன். அதை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளாமல் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் படியேறினீர்களே. போதும் அண்ணி. எனக்கு அது போதும்.

சேதிக்கு வருகிறேன். முந்தாநாள் நிறுவனத்திலிருந்து புதுக் கடிதம் வந்தது. இந்த முறை ஒரே வாசிப்பில் புரிந்தது. "வாகனத்தை ஓட்டியவரின் கவனக்குறைவு உறுதிசெய்யப்பட்டதால்" ஆபரேஷன், ஆஸ்பத்திரி, பிறகான பயிற்சி எல்லாம் அவர்கள் பொறுப்பு. உங்களைப் பற்றி இவ்வளவு மோசமாக எழுதியிருந்ததைப் படித்துவிட்டு நான் இவ்வளவு சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை. கவுன்டர் பெண்ணிடம் கையெழுத்துப் போடப் போனேன். அவளுக்கு என்னை ஞாபகம் இருந்தது. "நாய் சார்பா குடுத்துட்டாங்களா மேடம்?" என்றாள். அங்கேயே நின்று சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் டோக்கனைக் கூப்பிடாமல் கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

லேப்பிலும் சொல்லிவிட்டேன். அக்டோபர்வரை ஸ்டூல் என்னுடையது.

ஆபரேஷன் இருபத்தொன்றாம் தேதி. நேற்றுப் படிவம் கொடுத்தார்கள். பெயர், வயது, ஒவ்வாத மருந்து என்று நிரப்பிக்கொண்டே வந்தேன். கடைசியில் ஒரு வரி: "நோயாளிக்குப் பொறுப்பானவர்." நான் மயக்கத்தில் இருக்கும்போது ஏதாவது முடிவெடுக்க வேண்டியிருந்தால் அவர்களைத்தான் கூப்பிடுவார்களாம். அண்ணன் போனில் இருந்தார். "என் பேரை எழுதிடு" என்றார். "உங்க பேர் இல்லை" என்றேன். பிறகு, "அவகிட்ட நீயே சொல்லிடு" என்றார்.

உங்கள் பேரைத்தான் எழுதியிருக்கிறேன். உறவு என்ற இடத்தில் அண்ணி என்று போட்டேன். பக்கத்தில் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள். நீங்கள் வந்துதான் போட வேண்டும். இருபதாம் தேதி காலை பத்து மணிக்குள், மூன்றாம் மாடி, இடதுபக்கக் கடைசி அறை. ரயிலிலேயே வாருங்கள். ஸ்டேஷனுக்கு நான் வந்து நிற்கிறேன்.

உங்கள்
சின்னு